கேள்வி - பதில்: ஜீப்ரா மீனின் கண்

கேள்வி: கண் நோய் ஆய்வுக்கு எலி இருக்கும்போது ஜீப்ரா மீன் எதற்கு?

பதில்: எலி இரவுப் பிராணி. அதன் விழித்திரையில் ஒளியை உணரும் செல்களில் ஏறத்தாழ 97% குச்சி செல்கள், அதாவது மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை. நாம் எழுத்தைப் படிக்கவும் நிறம் பிரித்தறியவும் உதவுபவை கூம்பு செல்கள். பகலில் இரை தேடும் ஜீப்ரா மீனுக்கோ சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா என நான்கு வகைக் கூம்புகள் உண்டு. இதன் கரு, கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், கண் உருவாவதை உயிரோடு நுண்ணோக்கியில் பார்க்கலாம். (மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் ஜீப்ரா டேனியோ இதே இனம்தான். ஆனால் வம்சாவளி தெரியாத கடை மீனை மரபணு ஆய்வுக்கு எடுக்காதீர்கள்.) குறைகளும் உண்டு. மனித விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கென இருக்கும் மாகுலா என்ற பகுதி இதற்கு இல்லை. குச்சி செல்கள் பார்வைக்குப் பயன்பட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். எனவே மாலைக்கண்ணாகத் தொடங்கும் நோய்களுக்கு ஐந்தாம் நாள் குஞ்சை வைத்து முடிவு சொல்ல முடியாது.

கேள்வி: குஞ்சுக்குப் பார்வை இல்லை என்று எப்படி உறுதி செய்வது? எங்கள் ஆய்வகத்தில் நாளுக்கொரு முடிவு வருகிறது.

பதில்: சுழலும் கோடுகளைக் கண் பின்தொடர்கிறதா என்று பார்ப்பதே வழக்கமான சோதனை. 28.5 டிகிரி செல்சியஸில் வளர்ந்த ஐந்து நாள் குஞ்சை, முதுகு மேலே இருக்கும்படி 3% மெத்தில் செல்லுலோஸ் கூழில் நிறுத்துங்கள். அந்தத் தூள் வெந்நீரில் கரையாது, பரவ மட்டுமே செய்யும். பிறகு இரவு முழுக்கக் குளிரில் வைத்தால்தான் தெளிந்த கூழாகும். குமிழி இருந்தால் கண் மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒட்டிய உருளையைச் சுற்றிலும் வைத்து மெதுவாகச் சுழற்றினால், பார்வையுள்ள கண் கோட்டோடு மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அரை நிமிடம் கழித்து உருளையை எதிர்த்திசையில் சுழற்றுங்கள். கண்ணும் திசை மாற வேண்டும். மாறாவிட்டால் நீங்கள் பார்த்தது தானாக ஆடும் ஆட்டமாக இருக்கலாம்.

நாளுக்கொரு முடிவு வருகிறது என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குஞ்சின் கூம்பு செல்களில் நரம்புச் சந்திப்புகள் இரவில் ஓரளவு கலைந்து, காலையில் மறுபடி அமைகின்றன. இரவில் சோதித்தால் நல்ல குஞ்சும் குருடாகத்தான் தெரியும். 14 மணி வெளிச்சம், 10 மணி இருட்டு என்ற ஒழுங்கில் வளர்த்து, விளக்கு எரிந்து சில மணி நேரத்துக்குப் பிறகு சோதியுங்கள். அடுத்து வளர்ச்சி நிலை: தண்ணீர் இரண்டு டிகிரி குளிர்ந்தால் குஞ்சு பின்தங்கும். நாள் கணக்கை நம்பாமல் காற்றுப்பை ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சின் உடலில் நிறமி உருவாவதை நிறுத்த 0.003% பி.டி.யூ. என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் சேர்ப்பவர்கள் உண்டு, அது தைராய்டைத் தொட்டு, கண்ணையே சிறிதாக்கும். படமெடுக்க அது சரி, பார்வைச் சோதனைக்கு வேண்டாம்.

ஒரு துப்பும் இருக்கிறது. வெளிச்சத்தில் மற்றவை வெளுத்திருக்க, ஒரு குஞ்சு மட்டும் கறுத்திருந்தால் அதற்கு ஒளி தெரியவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் முடிவு அல்ல. கண்ணை நகர்த்தும் தசை செயலிழந்தாலும் சோதனை தோற்கும். எனவே வாலைத் தொட்டால் துள்ளி விலகுகிறதா என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மரபணுவின் செயலைத் தடுக்க மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறைச் செலுத்திய குஞ்சுகளுக்குக் கண் சிறுத்துவிட்டது. அந்த மரபணு கண்ணுக்கானது என்று எழுதலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். மார்ஃபோலினோ, செல்லைச் சாகவைக்கும் பி53 என்ற புரதத்தின் வழியைத் தேவையின்றித் தூண்டி, கண்ணிலும் மூளையிலும் செல்களைக் கொல்லும். சிறுத்த கண் அதன் பழகிப்போன போலி விளைவு. அதே மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் சேர்த்துச் செலுத்தினால் கண் சீராகிறதா, கிரிஸ்பர் என்ற மரபணு திருத்த முறையில் அந்த மரபணுவை வெட்டிய மீனிலும் இதே குறை தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்ததும் சேதமான விழித்திரை சரியானது. மருந்துதான் காரணமா?

பதில்: மருந்து கொடுக்காத, அதே அளவு சேதமான மீன் பக்கத்துத் தொட்டியில் இருந்ததா? இம்மீனின் விழித்திரையில் நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் பிரிந்து பெருகி, இழந்த நரம்பு செல்களைத் தாமே மீண்டும் உருவாக்கும். மனிதக் கண்ணில் அப்படி நடப்பதில்லை. மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தை மட்டும் கொடுத்த ஒரு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வையுங்கள்.