சாய்ந்த மரத்தில் கடைந்த கிண்ணம்: வாங்கும் முன் என்ன கேட்பது?

கேள்வி: டர்பனில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் மாமரக் கிண்ணம் வாங்கினேன். காற்றில் சாய்ந்த உள்ளூர் மரத்தில் கடைந்தது என்றார் விற்றவர். இரண்டே மாதத்தில் வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது, விளிம்பில் விரிசல் வேறு. கேட்டால், "மரம் என்றால் அப்படித்தான்" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கேட்கலாம். ஆனால் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஈர மரத்தில் கடைந்தது, கோணும் என்று விற்கும்போதே சொன்னாரா?

புதிதாகச் சாய்ந்த மரத்தில் ஈரம் நிறைய இருக்கும். காயும்போது அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. வட்டம் முட்டையாவது அதனால்தான். அடிமரத்தின் நட்டநடுப் பகுதி கிண்ணத்துக்குள் வந்துவிட்டால் விரிசலுக்கும் வாய்ப்பு அதிகம்.

இது தெரிந்த கடைசல்காரர் முதல் தடவை தடிமனாகக் கடைவார். 30 செ.மீ. அகலக் கிண்ணத்துக்கு 3 செ.மீ. சுவர் விடுவது வழக்கம். அப்புறம் பல மாதம் நிழலில் காயவைத்து, கோண வேண்டியதெல்லாம் கோணி முடிந்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்குவார். நல்ல கிண்ணத்தின் விலையில் இந்தக் காத்திருப்பும் அடக்கம். அந்த விலை நியாயமானது என்பதே என் எண்ணம். ஈரத்தோடு மெல்லிசாகக் கடைந்து, கோணலையே அழகாக விடுபவர்களும் உண்டு. அதுவும் நல்ல வேலைதான், சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது நீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்பதைத் தேர்வு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. ஆனால் "இது கோணும், விரியும்" என்று அவர் தெளிவாகச் சொல்லி, நீங்களும் சம்மதித்து வாங்கியிருந்தால் அந்த உரிமை இல்லை. அவர் விற்பனையையே தொழிலாகச் செய்பவராகவும் இருக்க வேண்டும். கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாலும் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். இப்படித் தடை எதுவும் இல்லையென்றால் ரசீதோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

கேள்வி: டம்போட்டி மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்று பளபளவென்று அழகாக இருக்கிறது. ஊறுகாய் வைக்க வாங்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். அழகுக்கு வையுங்கள், உணவுக்கு வேண்டாம். சிதம்பரத்துத் தில்லை மரத்துக்கு நெருங்கிய உறவு இந்த மரம். தில்லையைப் போலவே இதன் பாலும் தோலை அரிக்கும், கண்ணுக்கு ஆபத்து. இதன் விறகில் சுட்டதைச் சாப்பிட்டாலே வயிற்றைக் கலக்கும் என்று இங்கே காட்டோரம் வாழ்கிறவர்கள் எச்சரிப்பார்கள். எண்ணெயும் புளிப்பும் நாள்கணக்கில் ஊறும் ஊறுகாய்க்கு எந்த மரமுமே சரிவராது. கண்ணாடியோ பீங்கானோ போதும். மரக்கிண்ணம் பழத்துக்கும் முறுக்குக்கும்தான் பொருத்தம்.

எந்தக் கிண்ணமானாலும் மரத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் உணவுக்கென்று வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு அவகாடோ மரம் பட்டுவிட்டது. பட்டையில் ஊசி குத்தியதுபோல் துளைகள். கடைசல்காரர் ஒருவருக்கு ஏற்றி அனுப்பலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: இப்போதைக்கு அசைக்காதீர்கள். இந்த நாட்டில் 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் முதலில் கண்டறியப்பட்ட துளைவண்டாக (shot hole borer) இருக்கலாம். வண்டின் நீளமே சுமார் 2 மி.மீ.தான், துளை அதைவிடச் சிறிது. தான் கொண்டுவரும் பூஞ்சையை மரத்துக்குள் வளர்த்துத்தான் அது வாழ்கிறது. அது தாக்கும் மரங்களில் அவகாடோவும் ஒன்று. தாக்கிய மரத்தைப் பச்சையாக லாரியில் ஏற்றினால் வண்டும் கூடவே அடுத்த ஊருக்குப் போய்விடும். முதலில் நகராட்சிப் பூங்காத் துறைக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த வண்டு இல்லை என்று அவர்கள் உறுதி செய்தால் கடைசல்காரரைக் கூப்பிடுங்கள். கூலிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள்.