சந்தா நோட்டீசும் கஞ்சியும்

கேள்வி: கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். எங்கள் திருச்சபையிலிருந்து எட்டிப் பார்க்க ஆளில்லை. சந்தா பாக்கி என்று நோட்டீஸ் மட்டும் வந்தது. அடுத்த தெரு அக்கா ஒருவர்தான் தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அவரும் எங்கள் சபைதான். கமிட்டி, தேர்தல், கோர்ட் கேஸ் எல்லாம் வெறுத்துவிட்டது. பேசாமல் ஒரு வீட்டு ஜெபக்குழுவில் சேர்ந்துவிடலாமா?
– வாசகி ஒருவர், பெரம்பூர்

பதில்: உங்கள் வலி நியாயமானது. நோட்டீஸ் அனுப்பியவர்களுக்கு உங்கள் விலாசம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரவில்லை என்பதுதான் எனக்கும் ஆறவில்லை.

ஆனால் கமிட்டி என்றாலே கேடு என்று முடிவுகட்டாதீர்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படியுங்கள். எருசலேமில் இருந்த முதல் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. முறுமுறுப்பு எழுந்தது. அதைத் தீர்க்கத்தான் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் கமிட்டிகளுக்கெல்லாம் மூதாதை அந்த ஏழு பேர்தான். தமிழ் வேதாகமம் அந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் ‘அன்றாட விசாரணை’. சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பது. இன்று சபைக்குள் விசாரணை என்ற சொல் கணக்குத் தகராறில்தான் காதில் விழுகிறது.

வீட்டு ஜெபக்குழுவுக்குத் தாராளமாகப் போங்கள். பவுல் கடிதம் எழுதிய பிலேமோன் வீட்டிலும் சபை கூடியது. ஆனால் சென்னையில் நான் பார்த்த குழுக்கள் பலவும், ஹால் நிரம்பியதும் வாடகைக் கட்டடம், அப்புறம் டிரஸ்ட், அப்புறம் பொருளாளர் என்றுதான் போயின. போகாமலும் முடியாது. ஒருவர் இறந்தால் கல்லறையில் இடம் கேட்டு யாராவது கடிதம் கொடுக்க வேண்டுமே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சபை தன் ஹாலைத் திறந்துவிட்டது. தேர்தலுக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கமிட்டிக்காரர்கள் ஒரே பலகையில் வெங்காயம் நறுக்கியதை நான் பார்த்தேன். சாப்பிட வந்தவர்களிடம் யாரும் சந்தா அட்டை கேட்கவில்லை. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

இன்னொன்று. ஆளில்லை என்று எழுதிய கையோடு அந்த அக்காவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவர் வந்தது சபை வந்ததுதான். கால் தேறியதும் அவரைக் கூட்டிக்கொண்டு ஆயரைப் போய்ப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவர்களின் பட்டியல் சபையில் இருக்கிறதா, வாராவாரம் யார் போகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த கமிட்டித் தேர்தலில் அந்த அக்காவின் பெயரை நீங்களே முன்மொழியுங்கள். அதற்கு உங்கள் பெயரில் பாக்கி இருக்கக் கூடாது, சந்தாவைக் கட்டிவிடுங்கள்.