வாரப் பெட்டியை நிறுத்தியவர்கள்: விலை காரணம் இல்லை

வணக்கம். இருபது குடும்பங்களுக்கு உங்கள் தோட்டத்துக் காய்கறியை வாரம் ஒரு பெட்டியாகக் கொடுக்கிறீர்கள், இரண்டு மாதத்தில் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள், விலையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று வாரம் தொடர்ந்து முள்ளங்கியே போயிருக்கிறது! எனக்கும் முதல் வருடம் இதே கதைதான். என் வீட்டிலேயே முகம் சுளித்தார்கள்.

எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பதுதான் சிக்கல். முள்ளங்கி 30 நாளில் வந்துவிடும், கீரையும் ஏறக்குறைய அப்படித்தான். பத்து நாளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்து விதையுங்கள். பீன்ஸுக்கு 50, 60 நாள் ஆகும், அதை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அப்புறம், பெட்டி கொடுக்கும் இடத்தில் ஒரு கூடை வையுங்கள். வேண்டாததை அதில் போட்டுவிட்டு, அதில் இருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளட்டும். எனக்குப் புகார் குறைந்தது இந்தக் கூடையால்தான்.

இலையில் ஓட்டை என்று சொல்பவர்களிடம் விளக்கம் கொடுத்து மாளாது. ஒரு ஞாயிறு களை எடுக்க வரச் சொல்லுங்கள். விவசாயியிடமிருந்து குடும்பங்கள் நேரடியாக வாங்கும், ஜப்பானில் 1970களில் வளர்ந்த 'தெய்கெய்' முறையிலும் வாங்குபவர்கள் வயலுக்கு வந்து கைகொடுப்பது உண்டு. நின்றுபோன எட்டுப் பேரையும் கூப்பிடுங்கள். மண்புழு பார்க்கவாவது பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வருவார்கள்.