கப்பல் என்ன ஆச்சு?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை. வ.உ.சி.யைப் பற்றி ஆறு வருடமாக எழுதிய வாழ்க்கை வரலாறு 300 பக்கத்தில் முடிந்திருக்கிறது. அதையே சுருக்கிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட ஆசை. வீட்டிலோ, "சின்னப் பிள்ளைகளுக்குச் செக்கு, வறுமையெல்லாம் எதுக்கு? கப்பல் விட்டதோடு நிறுத்துங்க" என்கிறார்கள். பேரனிடம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கப்பல் இப்ப எங்க நிக்கு ஆச்சி?" என்று கேட்டுவிட்டான். கதையை எங்கே நிறுத்துவது?

பதில்: டீச்சர், எடிட்டர் செய்யவேண்டிய வேலையை உங்கள் பேரன் ஒரே கேள்வியில் முடித்துவிட்டான். கப்பல் விட்டதோடு நிறுத்தினால் பிள்ளைகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய் அதைத் தேடுவார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கியது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைந்தது. கப்பலும் கைவிட்டுப் போனது. இதை அவனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சுருக்குகிற யோசனையைக் கைவிடுங்கள். வேட்டியைக் கிழித்தால் துண்டு கிடைக்கும், சட்டை கிடைக்காது. சின்னப் புத்தகத்தைப் புதிதாகத்தான் தைக்க வேண்டும்.

நானாக இருந்தால் குடையில் தொடங்குவேன். கொழும்புக்குப் போகும் கட்டணத்தை வெள்ளைக்காரக் கம்பெனி குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், ஒரு குடையும் இனாம் என்று கூப்பிட்டது. "நீயாக இருந்தால் எந்தக் கப்பலில் ஏறுவாய்?" என்று அந்த இடத்திலேயே பிள்ளையைக் கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் குடைக்குத்தான் கை தூக்குவார்கள், தூக்கட்டும். பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டியவர் எதை எதிர்த்து நின்றார் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும். 'ஏகாதிபத்தியம்' என்ற சொல்லே அந்தப் பக்கத்துக்குத் தேவைப்படாது.

செக்கை மறைக்க வேண்டாம். கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை ஒரு வக்கீலை இழுக்க வைத்தார்கள். இரண்டே வரி, அழுகாச்சி இல்லாமல். பிள்ளைகள் தாங்குவார்கள், பெரியவர்களுக்குத்தான் பயம். வழக்கு விவரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறு ஆண்டாகக் குறைந்தது, 1912 டிசம்பரில் விடுதலை. சட்டப் பிரிவுகள் 300 பக்கத்திலேயே இருக்கட்டும். 1908 மார்ச் 13ஆம் தேதி திருநெல்வேலியில் மூண்ட கலவரத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடம் அங்கேதான். சிறையிலும் வெளியே வந்தபிறகும் அவர் செய்த தமிழ் வேலைக்கு, திருக்குறள் மணக்குடவர் உரைப் பதிப்பு உட்பட, பெரிய புத்தகத்தில் தனி அத்தியாயமே கொடுக்கலாம்.

வறுமைக்கு ஒரு கடைக் காட்சி போதும். கப்பல் கம்பெனி நடத்தியவர் சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார். வக்கீல் தொழில் செய்வதற்கான அனுமதியான சன்னதும் பறிபோயிருந்தது. அதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டியவர் வீட்டில் வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பிள்ளை! வில்லன், ஹீரோ என்று பிரித்துவைத்துப் பழகிய பையன் இங்கே கொஞ்சம் குழம்புவான், குழம்பட்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சிறுவர் புத்தகம்தானே என்று அவர் வாயில் நீங்களாக வசனம் வைக்காதீர்கள். தம் கதையை அவரே செய்யுளில் எழுதி வைத்திருக்கிறார். எளிதான இரண்டு வரியை அதிலிருந்து எடுத்துப் பொருளும் சொன்னால் போதும்.

சரி, எங்கே நிறுத்துவது? முதல் பிரதியைப் பேரனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவன் "அப்புறம்?" என்று கேட்கிறவரைக்கும் படியுங்கள். கேட்காமல் எழுந்து விளையாடப் போகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.