எழுபது லட்சத்து வண்டி, பதினாறு லட்சத்து விலை

போன மாதம் பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதும்போது, "ஜெர்மன் எஸ்.யூ.வி. பக்கம் போகிறவர்கள் எனக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போங்கள்" என்று விளையாட்டாக ஒரு வரி சேர்த்திருந்தேன். நிஜமாகவே போட்டுவிட்டீர்கள். கோவை கணபதியில் 24 வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லாரித் தொழில் செய்கிறேன். டெல்லியில் மெர்சிடிஸ் ஜி.எல்.இ. 350டி ஒன்று வந்திருக்கிறது. 2016 மே மாதம் டெல்லியிலேயே பதிவானது, ஒரே ஓனர், 68,000 கி.மீ., விலை 16 லட்சம் என்கிறார் புரோக்கர். புதிதில் எழுபது லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி. "கண்ணை மூடிட்டு வாங்கிப் போடுங்க மாமா" என்கிறான் மச்சினன். வாங்கலாமா? (வாசகர், நாமக்கல்)

மூடிய கண்ணைத் திறந்து அந்த மே மாதத்தை ஒரு தடவை பாருங்கள். 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை டெல்லி தலைநகர் வட்டாரத்தில் புதிதாகப் பதிவு செய்யக் கூடாது என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு சதவீதப் பசுமை வரி கட்டச் சொல்லி அந்தத் தடையை விலக்கியது 2016 ஆகஸ்டில். உங்கள் ஜி.எல்.இ.யின் என்ஜின் 2,987 சி.சி. மே மாதத்தில் டெல்லியில் அதைப் புதிதாகப் பதிவு செய்ய வழியே இல்லை.

புரோக்கர் வாய்க்கு வந்த மாதத்தைச் சொல்லியிருக்கலாம். அல்லது வண்டி வேறு மாநிலத்தில் பதிவாகிப் பிறகு டெல்லிக்கு வந்திருக்கலாம். அப்படியென்றால் "ஒரே ஓனர்" என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எம்‌பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்ற எல்லாவற்றையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். அனுப்பத் தயங்கினால் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்று மச்சினனுக்கும் தெரிந்திருக்கும். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட, 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிறகு அதில் சில மாற்றங்கள் வந்தாலும், பத்து வருடம் நெருங்கும்போதே தள்ளிவிடும் பழக்கம் அந்த ஊர் ஓனர்களுக்கு வந்துவிட்டது. வண்டி கெட்டுப்போய்த்தான் விற்கிறார்கள் என்று இல்லை. ஆனால் 16 லட்சம் என்பது டெல்லி விலை. அங்கிருந்து படிவம் 28ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பெயர் மாற்ற படிவம் 29, 30, கடன் இருந்தால் அதை நீக்க 35, அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. வரி எவ்வளவு வரும் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

சரி, என்ஜினுக்கு வருவோம். லாரிக்காரருக்கு டீசலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று லிட்டர் வி6, நல்ல என்ஜின், ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கில் ஓடும். ஒரு வியாதி மட்டும் உண்டு. அதை நான் சொந்தக் காசு போட்டுக் கற்றுக்கொண்டேன்.

2018ல் தெரிந்தவர் ஒருவரிடம் இதே என்ஜின் உள்ள மெர்சிடிஸ் எம்.எல். 350 வாங்கினேன். பதினைந்து நாளில் ஷெட் தரையில் நாலணா அகலத்துக்கு ஆயில் பொட்டு. கீழே படுத்துப் பார்த்தால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் ஓரத்தில் ஈரம். என்ஜினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கம் ஆயிலை அடைத்து நிற்கும் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன். சீல் காய்ந்து கிடக்கிறது! அத்தனை வருட அனுபவத்துக்கும் அன்றைக்கு நல்ல மரியாதை.

விஷயம் இதுதான். வி வடிவத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்குக் கீழே, ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் ரப்பர்கள் சூட்டில் வெந்து இறுகிப்போகும். கசியும் ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்க ஓட்டை வழியாக பெல் ஹவுசிங் மேல் வழியும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய ரப்பர் ஆரஞ்சு நிறம். பிறகு கம்பெனியே மாற்றிக் கொடுத்த, சூடு தாங்கும் வைட்டான் ரப்பர் ஊதா. ரப்பரின் விலை ஒரு பெரிய விஷயமே இல்லை. அதைத் தொட டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழற்ற வேண்டும். எனக்கே, என் ஷெட்டில், என் ஆட்களோடு நாலு நாள் ஆனது. வெளியில் கொடுத்தால் அத்தனை நாள் லேபரையும் நீங்கள் கட்டுவீர்கள்.

ஆகவே டெல்லி போனால் ஐம்பது, அறுபது கி.மீ. ஓட்டிவிட்டு, லிஃப்ட்டில் ஏற்றி, டார்ச் அடித்து பெல் ஹவுசிங் இணைப்பைப் பாருங்கள். பானெட்டுக்குள் புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று கழுவி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கூலர் சீல் ஏற்கெனவே மாற்றிய பில் இருந்தால் அந்த வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

முடிவாகக் கேட்டால், மே மாதத்துக்குச் சரியான பதில் வந்து, அடிப்பக்கமும் காய்ந்திருந்தால் வாங்கலாம். ஆனால் விலைக்கு மேல் நாலு லட்சமாவது முதல் வருடச் செலவுக்குத் தனியாக இருக்க வேண்டும். வண்டிதான் 16 லட்சத்துக்கு இறங்கியது. ஸ்பேர் இன்னும் எழுபது லட்சத்து வண்டியின் ஸ்பேர்தான். பதினாறையுமே கடன் வாங்கித்தான் போடப் போகிறீர்கள் என்றால், விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகன் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பார்த்து வைத்திருக்கிறான். 1,05,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்கிறார் விற்பவர். உண்மையா ஐயா? (வாசகி, மதுரை)

யாருடைய ஆயுள் என்று கேளுங்கள், அம்மா. அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்வது இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி. 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றுங்கள் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். ஆயில் பேனும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் சூடு 30லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இது தெரியாத ஷெட்டில் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஓட்டியிருந்தால், நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கியிருக்கும்.

கேள்வி: பார்த்த ஆடி க்யூ7 காலையில் ஒரு மூலை சற்றே தாழ்ந்து நின்றது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிட்டது. "ஏர் சஸ்பென்ஷன் அப்படித்தான் சார்" என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

அப்படி இல்லை சார். அந்த மூலையில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பையின் மடிப்பில் வெடிப்பு விட்டு, ராத்திரி முழுக்கக் காற்று இறங்கியிருக்கலாம். காலையில் அதைத் தூக்க, காற்றடிக்கும் கம்ப்ரசர் மூச்சு வாங்கும். நாளடைவில் அதுவும் எரிந்துபோகும். சாயங்காலம் சக்கர நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள ஃபெண்டர் ஓரம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளங்கள். விரல் தடிமன் குறைந்தால் பேரம் பேச உங்களுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

கேள்வி: 2015, 2023 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பள்ளிக்கரணை)

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியில் தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரெயில் போல்ட்டைத் தடவுங்கள். துரு இருந்தால் கிளம்பிவிடலாம்.

கேள்வி: விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் எனக்கு வருமா? (வாசகர், ஓசூர்)

வராது. கிளெய்ம் வாங்காமல் ஓட்டியதற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது? (வாசகர், பொள்ளாச்சி)

இன்னோவா. அந்த எம்.எல்.லை 2021ல் பல்லடத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன், சீல் மாற்றிய பில்லையும் கையில் கொடுத்து. தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வார். வாழ்த்து சொல்வதற்கு முன்னால், "அண்ணே, இன்னும் ஒழுகலை" என்பார்.