ஆஸ்கர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்காத மொரீன் ஓ'ஹாரா

"பழைய ஹாலிவுட் நடிகைகளில் திறமைக்கேற்ற மதிப்பு கிடைக்காதவர் யார்?" என்பது கேள்வி. என் பதில் மொரீன் ஓ'ஹாரா.

பட வாய்ப்பு இல்லாமல் தவித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள், அதில் பாதிக்கு மேல் கதாநாயகி, பக்கத்தில் டைரோன் பவர், எரல் ஃபிளின், ஜான் வெய்ன் என்று பெரிய பெரிய ஆட்கள். ஆனால் நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஒருமுறைகூட அவர் பெயர் வரவில்லை. 2014இல், 94 வயதில், சக்கர நாற்காலியில் வந்து ஒரு கௌரவ ஆஸ்கரை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இதற்குக் காரணம் என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை, இன்னொன்று இயக்குநர் ஜான் ஃபோர்ட். அவரைத் தூக்கிவிட்டதும் இந்த இரண்டுதான், கட்டிப்போட்டதும் இந்த இரண்டுதான்.

பிறந்தது 1920 ஆகஸ்ட் 17, டப்ளினில் ரானலா என்ற பகுதி. சொந்தப் பெயர் மொரீன் ஃபிட்ஸ்சைமன்ஸ். ஆறு பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா துணி வியாபாரி, ஷாம்ராக் ரோவர்ஸ் கால்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவர். அம்மா நல்ல பாடகி. 14 வயதிலேயே அபே தியேட்டரில் சேர்ந்துவிட்டார். அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கம் அது, சேர்ந்ததுமே வேஷம் கொடுக்க மாட்டார்கள், மேடை பெருக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவோ "நடிப்பு சோறு போடுமோ போடாதோ, டைப்பிங்கும் கணக்கும் கற்றுக்கொள்" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்த டைப்பிங் பின்னால் எங்கே உதவியது என்று சொல்கிறேன்.

லண்டனில் ஒரு ஸ்கிரீன் டெஸ்ட். பளபளவென்று ஒரு தங்க நிற கவுனை மாட்டி, முகத்தில் மேக்கப்பை அப்பி எடுத்த, அவருக்கே பிடிக்காத டெஸ்ட். அதை நடிகரும் தயாரிப்பாளருமான சார்லஸ் லாட்டன் பார்த்தார். மற்றதெல்லாம் மோசம், ஆனால் அந்தக் கண்களை அவரால் மறக்க முடியவில்லை. உடனே ஏழு வருட ஒப்பந்தம், ஃபிட்ஸ்சைமன்ஸ் என்ற பெயர் போஸ்டருக்கு நீளம் என்று அதை வெட்டி ஓ'ஹாரா ஆக்கியதும் அவர்தான். 1939இல் ஹிட்ச்காக் இயக்கிய 'ஜமைக்கா இன்', அதே வருடம் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ரடாம்' படத்தில் எஸ்மரெல்டா வேடம். அந்தப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உலகப் போர் வந்துவிட்டது. லண்டனில் இனிப் படமெடுக்க முடியாது என்ற நிலையில் லாட்டன் அவருடைய ஒப்பந்தத்தை ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டார். 19 வயதுப் பெண், ஊருக்குத் திரும்ப வழியில்லை, ஒப்பந்தம் கைமாறிவிட்டது. ஸ்டூடியோ காலம் என்றால் அப்படித்தான்.

1941இல் ஜான் ஃபோர்டின் 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி'. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்துக் கதை, போரால் அங்கே போக முடியாமல் கலிபோர்னியா மலையில் ஒரு கிராமத்தையே கட்டி எடுத்தார்கள். 'சிட்டிசன் கேன்' படத்தைத் தோற்கடித்து ஆஸ்கர் வாங்கிய படம் இதுதான், அதனாலேயே பலருக்கு இதன் மேல் ஒரு கோபம் உண்டு. பாவம், இது நல்ல படம். மனதுக்குப் பிடித்தவர் ஒருவர் இருக்க, சுரங்க முதலாளியின் மகனைக் கட்டிக்கொள்ளும் ஆங்காரட் என்ற பெண்ணாக ஓ'ஹாரா வருவார். கல்யாணம் முடிந்து தேவாலயப் படியில் இறங்கும்போது முகத்திரை காற்றில் மேலே பறக்கும், அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நடிப்பு என்கிறேன்.

இதற்கப்புறம் ஒழுங்காகப் போயிருந்தால் பெரிய பெரிய வேடங்களாக வந்திருக்க வேண்டும். வந்தது வண்ணம். சிவப்புத் தலைமுடி, பச்சைக் கண், வெளுத்த தோல், டெக்னிகலர் கேமராவுக்கென்றே பிறந்த மாதிரி. 'டெக்னிகலரின் ராணி' என்று பட்டம் கொடுத்து, 'தி பிளாக் ஸ்வான்', 'தி ஸ்பானிஷ் மெயின்', 'சின்பாத் தி செய்லர்', 'பாக்தாத்', 'ஃபிளேம் ஆஃப் அராபி' என்று வரிசையாகக் கடற்கொள்ளைக்காரர் கதையிலும் பாலைவனக் கதையிலும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அயர்லாந்துக்காரி அரபு இளவரசியாக! வாள் சண்டையும் ஆபத்தான காட்சிகளும் பெரும்பாலும் அவரே செய்தார், பார்க்க ஜாலியாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படங்களைப் பார்த்து யார் ஆஸ்கருக்குப் பரிந்துரைப்பார்கள்? நடுவில் 1947இல் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' வந்தது. போர் முடிந்து வீட்டாரைப் பார்க்க அயர்லாந்து போயிருந்தவரைப் பாதியில் திரும்பக் கூப்பிட்டார்களாம், எரிச்சலோடு வந்தவர் கதையைப் படித்ததும் சமாதானமாகிவிட்டார். இன்றும் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் இந்தப் படம் ஓடும்.

சரி, 'தி குவைட் மேன்' விஷயத்துக்கு வருகிறேன். இதில் அவரை நடிக்க வைப்பதாக 1944இலேயே ஃபோர்ட் பேசிவைத்துவிட்டார், எழுத்தில் எதுவும் கிடையாது, வெறும் கைகுலுக்கல்தான். ஐரிஷ் கிராமத்துக் காதல் கதைக்குப் பணம் போட எந்த ஸ்டூடியோவும் தயாராக இல்லை. இடைப்பட்ட வருடங்களில் ஃபோர்டின் படகில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து டைப் அடித்தது யார் தெரியுமா? ஓ'ஹாராதான். அப்பா கற்றுக்கொள்ளச் சொன்ன டைப்பிங். கடைசியில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் ஒப்புக்கொண்டது, அதுவும் முதலில் அதே குழு ஒரு கௌபாய் படம் எடுத்து லாபம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படி வந்ததுதான் 'ரியோ கிராண்ட்'. பிறகு 1951 கோடையில் மேயோ மாவட்டத்தின் காங் கிராமத்தில் படப்பிடிப்பு, அவருடைய தம்பிகள் இரண்டு பேரும்கூட நடித்தார்கள்.

ஃபோர்ட் மேதை, சந்தேகமில்லை. ஆனால் ஆட்களை அவமானப்படுத்தி வேலை வாங்குகிற மனுஷன். ஒரு விருந்தில் காரணமே இல்லாமல் தன் முகத்தில் குத்தினார் என்று ஓ'ஹாரா 2004இல் வந்த சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குவைட் மேனில் ஜான் வெய்ன் அவரைப் புல்வெளியில் தரதரவென்று இழுத்துப்போகும் காட்சி இருக்கிறதே, அந்தப் பாதையில் ஃபோர்டும் வெய்னும் ஆட்டுச் சாணத்தைத் தள்ளிவைக்க, இவரும் தோழிகளும் ஒதுக்கித் தள்ள, மறுபடி அவர்கள் கொண்டுவந்து போட, கடைசியில் அதிலேயே இழுபட்டிருக்கிறார். முடிந்ததும் கழுவத் தண்ணீர் கொடுக்காதே என்று ஃபோர்ட் உத்தரவு போட்டாராம். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். இன்னொரு காட்சியில் இவர் அந்த இரண்டு பேர் மேலும் இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து வெய்னை அறையப் போக, வெய்ன் கையைக் குறுக்கே நீட்ட, இவர் கை எலும்பில் விரிசல்.

அந்த இழுத்துப்போகும் காட்சியை இன்று பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்க வேண்டியதுதான், வழியில் ஒரு கிழவி "அடிக்க நல்ல குச்சி" என்று எடுத்துக் கொடுப்பதற்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் மேரி கேட் என்ற அந்தப் பாத்திரத்தை வெறும் அடிவாங்குகிறவளாகப் படிப்பது தப்பு. அவளுடைய சீதனத்தை அண்ணன் தர மறுக்கிறான். புருஷனோ (வெய்ன்தான்) பணம் எதற்கு, நீ போதும் என்கிறான். அவளுக்குப் பணம் பிரச்சினையே இல்லை; அம்மாவின் மேசை நாற்காலியும் தன் காசும் இல்லாமல் அந்த வீட்டில் தான் ஒரு வேலைக்காரி என்று நினைக்கிறாள். அண்ணன் பணத்தை விட்டெறிந்ததும் அவளே போய் அடுப்பின் கதவைத் திறந்து நிற்பாள், புருஷன் அதைத் தூக்கி நெருப்பில் போடுவான். கோபம், கர்வம், ஆசை, சட்டென்று ஒரு நிம்மதி, எல்லாம் அந்த நடையில் தெரியும். இந்தப் படத்துக்கு ஃபோர்டுக்கு நான்காவது இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. இவருக்குப் பரிந்துரைகூட இல்லை. கடைசிக் காட்சியில் ஃபோர்ட் சொல்லிக்கொடுத்து வெய்னின் காதில் ஏதோ சொல்வார், வெய்ன் அதிர்ந்து திரும்புவது நடிப்பில்லையாம். என்ன சொன்னார் என்பதை மூன்று பேருமே சாகும்வரை வெளியே விடவில்லை.

திரையில் தெரிந்த அந்தப் பிடிவாதம் வெளியிலும் இருந்தது. 1946இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கப் போன இடத்தில் முந்தைய நாடு பிரிட்டன் என்று எழுதியிருக்க, நான் ஐரிஷ்காரி, அப்படிப் போட்டால் எனக்குக் குடியுரிமையே வேண்டாம் என்று நீதிபதியிடம் வாதாடி மாற்ற வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1957இல் 'கான்ஃபிடென்ஷியல்' என்ற கிசுகிசுப் பத்திரிகை, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் ஒரு ஆணோடு இவர் அசிங்கமாக நடந்துகொண்டார் என்று எழுதியது. அந்தப் பத்திரிகையைப் பார்த்து ஊரே நடுங்கிக்கொண்டிருந்த காலம். வழக்கு வந்தபோது பெரிய நட்சத்திரங்கள் பலர் ஒதுங்கிக்கொள்ள, சாட்சி சொன்னது இவரும் நடிகை டோரதி டாண்ட்ரிஜும்தான். இவர் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார்: அவர்கள் சொன்ன சமயத்தில் ஸ்பெயினில் படப்பிடிப்பில் இருந்திருக்கிறார். ஜூரி ஒத்துப்போகாமல் வழக்கு இழுபறியில் முடிந்தது, ஆனால் பத்திரிகை தன் பாணியை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது, அதன் கதையும் அதோடு இறங்கிவிட்டது.

சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கல்யாணம் ரத்து, இரண்டாவது ஒரு குடிகாரரோடு பத்து வருடம், அதில் ஒரு மகள். 1968இல் மூன்றாவதாக மணந்த சார்லஸ் பிளேர்தான் அவருக்கு அமைந்தவர். 1951இல் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாக வட துருவத்தைக் கடந்த விமானி. சினிமாவை விட்டுவிட்டு அவரோடு கரீபியத் தீவுகளில் கடல் விமானங்கள் ஓட்டும் ஆன்டிலீஸ் ஏர் போட்ஸ் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார். 1978இல் பிளேர் விமான விபத்தில் இறந்ததும் இவரே தலைவரானார். அமெரிக்காவில் கால அட்டவணைப்படி ஓடும் விமான நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். 1991இல் 'ஒன்லி தி லோன்லி' படத்தில் மகனை விடாத அம்மாவாகத் திரும்பி வந்து எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். 2015 அக்டோபர் 24 அன்று ஐடஹோவில் மறைந்தார், ஆர்லிங்டன் கல்லறையில் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் எல்லோரும் குவைட் மேன் என்பார்கள். நான் 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' பார்க்கச் சொல்வேன். 1940, ஆர்.கே.ஓ., அன்றைய ஹாலிவுட்டில் படம் இயக்கிக்கொண்டிருந்த ஒரே பெண்ணான டோரதி ஆர்ஸ்னர் எடுத்தது, கூட நடித்தவர் லூசில் பால். வந்தபோது ஊத்திக்கொண்டது, 1970களில் பெண்ணிய விமர்சகர்கள் தேடிப்பிடித்துத் தூக்கி வைத்தார்கள். மலிவான கிளப்பில் கேலிக்காகவே மேடையேற்றப்படும் பாலே நடனக்காரியாக வரும் ஓ'ஹாரா, ஒரு கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்று, காசு கொடுத்து முறைத்துப் பார்க்க வந்த ஆண்களைப் பார்த்து நேருக்கு நேர் கேட்பார் பாருங்கள். வண்ணம் கிடையாது, வாள் கிடையாது, ஜான் வெய்னும் கிடையாது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது.