கண்ணாடி அலுமாரியைத் திறவுங்கள்

கேள்வி: அப்பா விட்டுப்போன புத்தகங்கள் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய இருக்கின்றன. எனக்கும் வாசிப்பு என்றால் உயிர். ஆனால் சமையல், உடுப்புத் தோய்ப்பு, பிள்ளைகளின் ரியூஷன் எல்லாம் முடிந்து உட்காரும்போது இரவு பத்து மணியாகிவிடும். இரண்டு பக்கத்தில் கண் சொருகிவிடுகிறது. மாமியோ, "இந்தத் தூசையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போடு, ஃபோனில் வாசிக்கலாம்தானே" என்கிறார். வீட்டு வேலையும் வாசிப்பும் ஒன்றாகப் போகுமா ஐயா?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டது வேலையைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு முதலில் கண்ணில் குத்தியது அந்தக் கண்ணாடி அலுமாரி. அதற்குப் பூட்டும் இருக்கும், சாவி சாமியறையில் தொங்கும் என்று நினைக்கிறேன். நம்மவர் வீடுகளில் புத்தகத்தைப் பூட்டி வைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய மரியாதை என்றாகிவிட்டது. வெள்ளவத்தையில் அது மரியாதை இல்லை, தண்டனை.

காலி வீதிக்கும் கடற்கரைத் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிற ஒழுங்கைகளில் இரும்பு யன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது. கடுதாசி என்ன செய்யும்? கொழும்பின் சராசரி ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல். காற்றோட்டம் இல்லாத பூட்டிய அலுமாரிக்குள் அந்த ஈரம் அப்படியே தங்கும். இராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வெள்ளி நிறத்தில், வாலில் மூன்று மயிரோடு, புத்தகத்தைத் திறந்ததும் நடுத் தையலுக்குள் ஓடி ஒளியுமே, அதுதான். பழைய பைண்டிங்குகளில் கோதுமை மாப் பசை பூசியிருப்பார்கள். அந்த மாச்சத்துத்தான் அதற்குச் சாப்பாடு. முதுகுப்புறத்தை அரித்து, அட்டையைச் சுரண்டி, பிறகு தாளுக்கு வரும்.

ஆகவே இந்தச் சனிக்கிழமையே கதவைத் திறந்து வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்கு இழுத்து விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் குடிக்கிற ஈரம் பின்பலகைக்கு வரும், அதன் பின்னால் கறையானும் வரும். புத்தகங்களை நெருக்கிச் செருகாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மூடியபடியே பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பிலிருக்கும் தூசை மெல்லிய பெயின்ற் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம். வெயிலிலும் காய வைக்காதீர்கள், தாள் மஞ்சளாகி நொறுங்கும். மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தால் போதும். கிழிந்த பக்கத்துக்கு செலோரேப் ஒட்டவே கூடாது. நாலைந்து வருடத்தில் ரேப் உரிந்து விழும், பிசின் மட்டும் பழுப்புக் கறையாக எழுத்தின் மேல் நிற்கும். பொலித்தீன் உறையும் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே வைத்து மூடிவிடும்.

இதைச் செய்யும்போது ஒன்று நடக்கும். தூசு தட்ட எடுத்த புத்தகத்தைத் திறந்து நாலு வரி பார்ப்பீர்கள். நாலு வரி நாலு பக்கமாகும். அடுப்பில் பருப்பு பொங்கும். பொங்கட்டும். உங்கள் அப்பா பென்சிலால் கோடு போட்ட இடம் ஒன்று வரும், அதை ஏன் கோடிட்டார் என்று யோசித்துக்கொண்டே அடுப்பைத் துடைப்பீர்கள். வேலையும் வாசிப்பும் ஒன்றாகப் போகுமா என்று கேட்டீர்களே, அவை இப்படித்தான் ஒன்றாகப் போகின்றன.

வேலையெல்லாம் முடிந்த பிறகு வாசிப்பது என்று வைத்தால் அது நடக்காது. வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. வேலைக்கு நடுவிலேதான் இடம் பிடிக்க வேண்டும். அரிசி அவியக் கால் மணித்தியாலம் போகும். அதில் ஒரு சிறுகதை முடியும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ரியூஷன் வகுப்பு வாசல்களில் மாலையில் பாருங்கள், எத்தனை தாய்மார் ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் படிக்கட்டில் இருக்கிறார்கள். அங்கே ஒரு நாவல் மாதத்துக்குள் முடிந்துவிடும். புறக்கோட்டைக்குப் போகிற 100ஆம் இலக்க பஸ் கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் நிற்கும்போது ஒரு கட்டுரை முடியும். இரவு பத்து மணிக்குக் கண் சொருகினால் சொருகட்டும், தூங்குங்கள். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் குடிக்கிற பிளேன்ரீயோடு பத்து நிமிஷம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய பேப்பர்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. அது உங்கள் மாமி மேல் இல்லை, நமது நூல் வெளியீட்டு விழாக்களின் மேல். இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், எழுதியதற்காகச் சிலர் என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை எல்லாம் முடிந்த பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஒவ்வொருவராக மேடையேறுகிறார்கள். காசு வைத்த கவரை நீட்டி, நூலை வாங்கி, கமராவைப் பார்த்து நின்றுவிட்டு இறங்குகிறார்கள். அந்த நூல் கண்ணாடி அலுமாரிக்குள் போகிறது. பத்து வருடம் கழித்து வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகிறது. அப்படிப் போகிற நூல்களில் பாதியின் பக்கங்களை யாரும் பிரித்தே இருக்கமாட்டார்கள். ஆசிரியரின் கையெழுத்து மட்டும் முதற்பக்கத்தில் இருக்கும். வாங்கியவர் கொடையாளி, வாசகர் அல்ல. நமக்கு மேடையில் நிற்கும் கொடையாளிகளைவிட வாசல்படியில் இருந்து வாசிக்கும் ஒருவர் முக்கியம். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கியபோது விழா வைத்து விற்கவில்லை. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றார். வாங்கியவர்கள் வாசித்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தச் சஞ்சிகை வந்தது என்றால் அதனால்தான்.

உங்கள் அப்பாவின் அலுமாரியில் 1970களில் வீரகேசரி பத்திரிகை நிறுவனம் வெளியிட்ட நாவல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள், இங்கே எழுதியவர்களின் நாவல்கள் அடுத்தடுத்து அச்சேறின. அவற்றில் பல மறுபதிப்புக் காணவே இல்லை. தாள் பழுத்து, அட்டை போயிருக்கலாம். அதற்காகத் தராசில் வைத்துவிடாதீர்கள். ஈழத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் 500 பிரதி அச்சாவதே பெரிய காரியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின. அதற்குப் பிறகு இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகள் எத்தனை போயின என்பதற்குக் கணக்கே இல்லை. உங்களிடம் இருக்கிற ஒரு பிரதி, மிஞ்சியிருக்கிற சில பிரதிகளில் ஒன்றாக இருக்கக்கூடும்.

ஃபோனில் வாசிக்கலாம் என்று மாமி சொன்னதில் தப்பில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ்ஸில் நின்றுகொண்டு நானும் அதில் வாசிக்கிறேன். ஆனால் ஃபோனில் இருப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டில் தாளாக இருந்தது, அவர் அதைத் தராசில் போடாமல் ஸ்கான் பண்ணக் கொடுத்தார். அலுமாரியில் இருப்பவற்றைப் பட்டியல் போட்டு அந்தத் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இல்லாதது உங்களிடம் இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்வார்களா என்று 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு நடந்துபோகிற தூரம்தான்.

மிச்சத்தை இரவல் கொடுங்கள். திரும்பி வராது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஒரு கொப்பியில் புத்தகத்தின் பெயர், வாங்கியவர் பெயர், திகதி மூன்றையும் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை கூச்சப்படாமல் கேளுங்கள். நம்மவர் காசைக் கேட்பதற்குக் கூச்சப்படுவதைவிடப் புத்தகத்தைக் கேட்பதற்குக் கூடுதலாகக் கூச்சப்படுகிறோம், அதனால்தான் தொலைக்கிறோம். ரியூஷன் வாசலில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற தாயிடம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த கிழமை அதைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு ஆள் இருக்கும். வாசிப்பில் எனக்குத் தெரிந்த பெரிய சுகம் அதுதான்.

மாமிக்கும் ஒன்று கொடுங்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போகிற நாட்களில் காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்துவிட்டு மத்தியானம் மட்டும் வாங்கில் இருக்கிற பெரியவர்களை நான் பார்க்கிறேன். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற சிறுகதைத் தொகுதியாகப் பார்த்து, கண்ணாடியையும் சேர்த்து அவருடைய பையில் வைத்துவிடுங்கள். கொப்பியில் அவர் பெயரையும் எழுதுங்கள்.